பொத்தான் எண்ணுகிறவள்

வாரப் பத்திரிகையில் தயாளன் எழுதும் பேய்த் தொடரில், செத்துப்போன ஒருத்தி வந்து, தூங்குகிற ஆண்களின் சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழாகத் தொட்டு எண்ணினாள். பதினொரு வருடமாகப் பேய்க்கதை எழுதுகிறான். எந்தப் பேய்க்கும் இத்தனை கடிதங்கள் வந்ததில்லை. அந்த விரல்கள் அவன் மனைவி வினோதாவுடையவை. ஆஸ்பத்திரியில் பேச முடியாமல் கிடந்தபோது, அவன் குனியும்போதெல்லாம் அவள் அப்படித்தான் எண்ணினாள். அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் அதைக் குறித்துக்கொண்டான்.

இந்த வாரம் பேயை எரித்துத் தொடரை முடித்துவிடலாம் என்று எழுதிக்கொண்டிருந்தபோது மாமியார் போன் செய்தார். மகள் இறந்த ஐந்து மாதத்தில் இதுதான் முதல் முறை.

"பேய்க்கதைக்காரனுக்கா பொண்ணு குடுக்கிறேன்னு அன்னைக்கே கேட்டாங்க மாப்ள. உங்க கதைய நான் தொட்டதுகூட இல்ல. பக்கத்து வீட்டுல காட்டுனாங்க."

"தப்பு பண்ணிட்டேன் அத்தை."

"அவங்கப்பா சட்டையிலதான் அவ எண்ணவே கத்துக்கிட்டா. அடுத்த வாரமும் வருவால்ல?"

அவன் முன்னால் இருந்த தாளில் அவள் பாதி எரிந்திருந்தாள்.