பெரிய எண் மேலே

"அவன் பேரு முதல் வரிசையில வரணும்மா. எழுத்து நல்லா தடிமனா, பின்னாடி மஞ்சள் கலர். முதலாளி பேப்பரைக் கையில எடுத்ததுமே பளிச்சுனு கண்ணுல படணும்" என்றார் சர்வீஸ் மேனேஜர்.

கம்ப்யூட்டரில் ரிப்போர்ட் தயாரிக்கும் 'ரிப்போர்ட் அக்கா'வுக்கு ஒரே சந்தோஷம். வாஷிங் மெஷின் கம்பெனியின் அந்த சர்வீஸ் ஆபீஸில் யாரும் யாரையும் பாராட்டி அவள் பார்த்ததே இல்லை. "சிறந்த மெக்கானிக் பரிசா சார்?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"பரிசா? இன்னிக்கு அவன் சீட்டைக் கிழிக்கப் போறேன்."

மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ரிப்பேர் செய்த மெஷின் ஒரே மாதத்துக்குள் மறுபடி மக்கர் பண்ணினால், அது அந்த மெக்கானிக் கணக்கில் 'மறு புகார்' என்று ஏறிவிடும். அந்தக் கட்டத்தில் பெரிய எண் மேலே வரும்படி அடுக்கச் சொன்னார். அடுக்கியதும் திருப்புளி முதலிடத்தில் வந்து நின்றான். அவனுக்கும் இரண்டாவது ஆளுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

திருப்புளி என்பது ஆபீஸ் வைத்த பெயர். சட்டைப் பையில் எல்லோரும் பேனா செருகினால் அவன் ஸ்க்ரூ முடுக்கும் திருப்புளியைச் செருகியிருப்பான். கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வேலை இருக்குமா போகுமா என்று தெரியாமல், கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ரிப்போர்ட் அக்காவுக்கு அவனைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"பேர் வாரியா அகரவரிசையில அடுக்கினா பாக்க அழகா இருக்கும் சார்" என்று ஒரு கல்லை விட்டுப் பார்த்தாள். அகரவரிசையில் திருப்புளியின் நிஜப்பெயர் அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

"அழகு எதுக்கும்மா? ரிப்போர்ட்டா, கல்யாணப் பத்திரிகையா?"

"அப்ப கஸ்டமர் பேரையும் அட்ரஸையும் காட்டட்டுமா? எந்த வீட்டுலன்னாவது தெரியுமே."

"வேண்டவே வேண்டாம். அதைச் சேர்த்தா ரெண்டாம் பக்கம் போயிடும். முதலாளி ரெண்டாம் பக்கத்தைத் திருப்பினதா சரித்திரமே கிடையாது." மேனேஜர் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். "மெஷினைச் சரி பண்றது என்னம்மா பெரிய வித்தை? எங்க வீட்டு மெஷின்ல இவனுங்க ஒருத்தனையும் கை வெக்க விட்டதில்ல. எல்லாம் நானே பாத்துக்குவேன். இன்னிக்கும் கிண்ணுனு ஓடுது."

இந்தப் பெருமையைக் கேட்காத காது அந்த ஆபீஸில் கிடையாது. ரிப்போர்ட் அக்கா வழக்கம்போல் தலையை ஆட்டி வைத்தாள். "சரி சார், கஸ்டமர் நம்பர் மட்டும் இருக்கட்டும். சின்ன கட்டம்தான், இடத்தை அடைக்காது. பக்கத்துல தேதி" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் நம்பர் வாரியாக அடுக்கி, தேதிக்குப் பதில் கிழமை தெரியும்படி மாற்றினாள்.

இருவருமே நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். திருப்புளியின் மறு புகார் அத்தனையும் ஒரே கஸ்டமர் நம்பரில் இருந்தன. அத்தனையும் திங்கட்கிழமை.

"பாத்தியா? ஞாயித்துக்கிழமை முழுக்க ஊர் சுத்திட்டு, மறுநாள் தூக்கக் கலக்கத்துல அரைகுறையா மூடிட்டு வர்றான்."

"மத்த வீட்டுல எல்லாம் ஒழுங்காத்தானே பண்றாரு சார்?"

அது மேனேஜருக்கும் உறைத்திருக்க வேண்டும். திருப்புளியை உள்ளே கூப்பிட்டார். "யாரு வீடுடா அது?"

திருப்புளி தரையைப் பார்த்தான். "அந்த வீட்டு அக்கா யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க சார்."

"ஓஹோ. கதை அப்படிப் போகுதா?"

"அய்யோ, அப்படியெல்லாம் இல்ல சார். அங்க நான் டீகூடக் குடிச்சதில்ல."

"அந்தக் கஸ்டமருக்குப் போனைப் போடும்மா. ஸ்பீக்கர்ல போட்டு நீயே கேளு. அந்தம்மா வாயாலயே வரட்டும். அப்புறம் இவன் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிக்கிறான்னு பாக்குறேன்."

திருப்புளியின் முகம் வெளிறிவிட்டது. "வேண்டாம் சார். நானே வேலையை விட்டுட்டுப் போயிடுறேன். போன் மட்டும் வேண்டாம்."

இதைக் கேட்டதும் ரிப்போர்ட் அக்காவுக்கே அவன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. மனசில்லாமல்தான் திரையில் அந்த நம்பரைத் தட்டினாள். மேசைப் போன் தானாக டயல் செய்தது.

"வணக்கம்மா, சர்வீஸ் ஆபீஸ்லேருந்து பேசுறோம். உங்க மெஷின் எப்படி ஓடுது?"

"நல்லா ஓடுதும்மா. சனிக்கிழமை வரைக்கும் நல்லாத்தான் ஓடும்" என்றது ஒரு பெண் குரல்.

மேனேஜரின் டீ டம்ளர் வாய்க்குப் போகாமல் நடுவழியில் நின்றது.

"எங்க மெக்கானிக் சரியா வேலை பாக்கலையாம்மா? அடிக்கடி புகார் வந்திருக்கு. அதனால அவரை வேலையை விட்டு எடுக்கப் போறாங்க."

"அந்தத் தம்பிய ஒண்ணும் பண்ணிடாதீங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அவரு வந்து சரி பண்ணாட்டி எங்க வீட்டுல ஒரு துணி துவைக்க முடியாது. நீங்க எனக்கு ஒரே ஒரு உதவி மட்டும் பண்ணுங்க."

"சொல்லுங்கம்மா, என்ன செய்யணும்?"

"உங்க மேனேஜருக்கு ஞாயித்துக்கிழமையும் டூட்டி போட்டுடுங்க."