முன்பக்க இடது டயர்

“இந்தக் காருக்கு இந்த டயரா, சார்?”

ஆவுடையப்பனுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. இன்சூரன்ஸ் சர்வேயராகப் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியவர். அடிபட்ட வண்டிகளையும் அதற்குச் சொல்லப்படும் கதைகளையும் கேட்டுக் கேட்டு, மனிதர்கள் மேல் இருந்த நம்பிக்கை எப்போதோ போய்விட்டது.

ஷெட்டில் நின்றது இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. முகப்பு நசுங்கியிருந்தது. முன்பக்க இடது டயர் கிழிந்து தொங்கியது.

“ஸ்போர்ட்ஸ் கார்னாலே கம்பெனிக்குப் பயம். எவ்வளவு பாரம் தாங்குற டயர் போடணும்னு பாலிசியிலேயே எழுதியிருக்கு. நீங்க மாட்டியிருக்கது சின்னக் கார் டயர். இந்த வண்டி வெயிட்டையும் வேகத்தையும் இது தாங்குமா?”

“தாங்காது” என்றார் வில்பிரட்.

கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. மனைவி கிளாடிஸ் இறந்து ஆறு வருஷம். இந்த வாடகை வீட்டில் அவருக்குத் துணை என்றால் கார்தான். ஐந்து மாதத்துக்கு முன் பாலிசி போடும்போது காரைப் பார்க்க வந்த ஆவுடையப்பனை, ஒரு மணி நேரம் விடாமல் பிடித்துவைத்துப் பேசியவர். இன்று கேட்டதற்கு மட்டும் பதில்.

“தெரிஞ்சேதான் மாட்டுனீங்களா?”

“ஆமா. கையில கிடைச்சதைப் போட்டேன்.”

வரும் வழியில் தெருமுனை டீக்கடைக்காரர் சொன்னது சரிதான் போலிருக்கிறது.

“அந்தக் கஞ்சனா? மட்ட டயரைப் போட்டு ஓட்டி ஒருத்தன் காலை வாங்கிட்டாரு, அண்ணாச்சி. அதையும் கூச்சமில்லாம ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதாரு.”

கால் போனது சொரிமுத்துவுக்கு. உப்பளத்தில் மூட்டை சுமக்கிறவன். சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவன் மேல் கார் மோதியதில், வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். மூன்று சின்னப் பிள்ளைகள். ‘டயர் வெடித்தது’ என்று போலீஸ் ஒரே வரியில் எழுதி முடித்திருந்தது.

“உங்க காருக்குச் சல்லிக்காசு வராது, சார். கேஸ் உங்க மேல இறுகும். லைசென்ஸும் போயிரும்.”

“அப்படியே எழுதிக்கிடுங்க.”

ஆவுடையப்பன் நிமிர்ந்து பார்த்தார். ‘என் தப்புதான்’ என்று முதல் கேள்வியிலேயே ஒத்துக்கொண்ட ஒருவரை இத்தனை வருஷத்தில் அவர் கண்டதில்லை.

குனிந்து கிழிசலைத் தடவினார். வெடித்த டயர் என்றால் உள்ளே இருக்கும் நூல் பிசிறு பிசிறாக நிற்க வேண்டும். இது வாழைத்தண்டை அரிந்த மாதிரி சுத்தமாக இருந்தது. கத்தி வைத்த இடம் தெரிந்தது.

பையிலிருந்து பழைய ஃபைலை எடுத்துப் புரட்டினார். அவர் கையெழுத்திலேயே இருந்தது: ‘நான்கும் புது டயர். பாரம் சரி.’

“வெடிச்ச டயர் எங்க, சார்?”

வில்பிரட் துணியை எடுத்துக் கார்க் கண்ணாடியைத் துடைத்தார்.

“அது நல்ல டயர். நான் பார்த்து எழுதினது. அதைக் கழட்டிட்டு, இந்தச் சின்ன டயரைக் கத்தியால கிழிச்சு மாட்டியிருக்கீங்க. எல்லாரும் மட்ட டயரை ஒளிச்சுவச்சுட்டு நல்லதை மாட்டுவாங்க. நீங்க என்ன தலைகீழா?”

“கடல்ல போட்டுட்டேன்.”

“ஏன் சார்? அது இருந்தா உங்க காரைக் கம்பெனி செலவுல புதுசு மாதிரி ஆக்கியிருக்கலாமே. கேஸும் நிக்காது. நல்ல டயர் தானா வெடிச்சா, யார் தப்பும் இல்ல.”

“அதையேதான் வக்கீலும் சொன்னாரு” என்றார் வில்பிரட் மெதுவாக. “யார் தப்பும் இல்லைன்னா பெரிசா நஷ்டஈடும் இல்லையாம். என் தப்புன்னு ஆனா, என் காருக்குக் குடுக்காட்டாலும் அடிபட்ட சொரிமுத்துக்குக் கம்பெனி குடுத்துத்தான் ஆகணுமாம். கையில இருந்ததை ஆஸ்பத்திரிக்குக் குடுத்தாச்சு. அது எத்தனை நாளைக்குக் காணும்? அவன் ஆயுசுக்கும் வேணும்லா.”

காரின் நசுங்கிய முகப்பைத் தடவினார்.

“முதல்ல நாலு பேரு வந்து ஆறுதல் சொன்னாங்க, சார். என் தப்புன்னு நானே சொன்ன பொறகு ஒருத்தரும் வாசப்படி மிதிக்கல. மாதா கோயில்ல போய் உக்காந்தா பக்கத்துல இருக்கவரு எந்திரிச்சுப் போறாரு. அதைத்தான் தாங்க முடியல. உங்க வேலை உண்மையை எழுதுறது. எழுதினா உங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன்.”

ஒரு எழுத்துகூடப் பொய்யாக எழுதியதில்லை என்பதுதான் ஆவுடையப்பனுடைய ஒரே பெருமை. அதற்காகவே அவரைக் கண்டாலே ஊரில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஃபைலை மூடினார். ஐந்து மாதத்துக்கு முன் எழுதிய தாளை மட்டும் உருவி, நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு, டயர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“இப்படிச் சுத்தமா வெட்டி வச்சா, கோர்ட்டுல கம்பெனி வக்கீல் ஒரே பார்வையில பிடிச்சிருவான், சார்” என்றபடி பையிலிருந்து இடுக்கியை எடுத்து, வெட்டில் தெரிந்த நூலை ஒவ்வொன்றாக இழுத்துப் பிசிறாக்க ஆரம்பித்தார். “கொஞ்சம் அந்தப் பக்கம் பிடிங்க.”