ஏழாயிரம் வகுத்தல்

“இந்த நம்பரையெல்லாம் யாருக்கு அனுப்பப் போறீங்க?”

கேட்டவர் கடலோரப் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் சுஹைனா. மேசைமேல் முத்தையனின் ஆறு நீள நோட்டுகளும் அடுக்கியிருந்தன.

ஒரு வார்த்தைகூட இல்லாமல் பக்கம் பக்கமாக வெறும் எண்களை எழுதிவைத்தால் இந்தக் கரையில் அதற்கு என்ன பெயர் என்று, முப்பது வருஷம் துறைமுகத்தில் படகுப் பதிவேடு எழுதிய முத்தையனுக்குத் தெரியாதா? நடுக்கடலில் கடத்தல் சரக்கு கைமாறும் இடத்தின் குறிப்பு. நகல் எடுக்கக் கொடுத்த ஜெராக்ஸ் கடைக்காரரும் அப்படித்தான் நினைத்துவிட்டார். நோட்டுகள் ஸ்டேஷனுக்கு வந்து பதினெட்டு நாளாகிறது.

உள்ளே தள்ளினால்கூடப் பரவாயில்லை, நோட்டுகளைக் கிழித்துவிடக் கூடாதே என்பதுதான் அவர் பயம். உளறிக்கொட்டி ஒருவழியாகச் சொல்லி முடித்தார். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்த வின்சான் இப்போது பிரான்ஸில் இருக்கிறான். ஐந்நூற்றொன்பது கோடிச் சொச்சத்தில் ஓர் எண்ணை எழுதி அனுப்பி, இது பகா எண்ணா இல்லையா, மெஷினைத் தொடாமல் சொல்லடா பார்ப்போம் என்று சீண்டியிருந்தான்.

அந்த எண்ணின் வர்க்கமூலம், அதாவது எழுபத்தோராயிரம் வரைக்கும் உள்ள பகா எண்கள் ஏழாயிரத்துச் சொச்சம். ஒவ்வொன்றாலும் வகுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் மீதி வர வேண்டும். ஒரே ஒரு தடவை வராவிட்டாலும் அது பகா எண் இல்லை. மூன்று வருஷம் வகுத்தார். எல்லாவற்றிலும் மீதி வந்தது.

சுஹைனா பக்கங்களைப் புரட்டினார். ஓரமெல்லாம் பென்சிலில் பொடிப்பொடியாக ‘டிக்’ அடித்திருந்தது. கோர்ட்டுக்கு அடையாளம் போட்டுவிட்டார்கள் என்று முத்தையன் நினைத்தார். ஐந்தாவது நோட்டின் நடுவில் டிக் நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

“அவருக்கு லெட்டர் போட்டுட்டீங்களா?”

“எழுதி வச்சிருக்கேன் மேடம். இன்னும் தபால்ல சேக்கல.”

சுஹைனா மூச்சை இழுத்து விட்டார். வாசலில் நின்ற கான்ஸ்டபிளை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு, எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். அடி விழப்போகிறது என்று முத்தையன் கண்களை இறுக்கி மூடிக்கொண்டார்.

நோட்டுகள் ஆறும் அவர் மடியில் வந்து உட்கார்ந்தன. கண்ணைத் திறந்தார். சுஹைனா எதிரே உட்காராமல், பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். குரல் தாழ்ந்திருந்தது.

“கேஸெல்லாம் ஒண்ணும் இல்லைங்கய்யா, எடுத்துக்கிட்டுப் போங்க. ஆனா நான் டிக்கை நிறுத்தின அந்த ஐயாயிரமாவது வகுத்தல்ல மீதி வராது.”