அட்டைப்படத்துக்காரி

“உதட்டுல இன்னுங் கொஞ்சம் சிவப்பு வரோணும். கண்ணு பாத்தவுடனே மனசுல ஒட்டிக்கோணும்” என்று போனில் உருகிக்கொண்டிருந்தான் சசிகுமார்.

சாப்பாட்டுத் தட்டை மேசையில் ணங்கென்று வைத்தாள் அவன் மனைவி கீர்த்தனா. அவன் பேசியது என்னவோ மை கலக்கும் ஆளிடம்தான். ஆனால் பேச்செல்லாம் அந்த வெள்ளைக்காரப் பாடகியைப் பற்றி!

எழுபதுகளில் லண்டனில் வந்த நாட்டுப்புற ராக் இசைத்தட்டு ஒன்றை இப்போது மறுபடி வெளியிடுகிறார்கள். தட்டோடு, பாடகி ரோஸ்லினின் முகம் போட்ட பனியன் ஒன்றும் உண்டு. அதை அச்சடிக்கும் ஆர்டர் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருக்கும் சசிகுமாரின் பிரிண்டிங் யூனிட்டுக்கு வந்திருந்தது.

பழைய அட்டைப்படத்தில் பூஞ்சை ஏறி முகம் பாதி அழிந்திருந்தது. வேறு படமும் இல்லையாம். டிசைனரை நம்பாமல் சசிகுமாரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மீதியை வரைந்தான்.

அந்தச் செம்பட்டைமுடிக்காரியைக் கீர்த்தனா ஒருநாளும் நேராகப் பார்த்ததில்லை. படம் கண்ணில் பட்டாலே வயிறு எரியும், முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

“ஏனுங்க, என்ற மூஞ்சிய என்னைக்காச்சும் இப்படி உத்துப் பாத்திருக்கீங்களா?”

“ஆர்டரு அம்மிணி. அந்தம்மாவே நாளைக்கு யூனிட்டுக்கு வர்றாங்க, சாம்பிள் பாக்க.”

“வரட்டும். அவள ஒருக்கா நேர்ல பாத்துட்டு நான் சோமனூருக்குக் கெளம்பறேன். எங்கம்மா ஊட்டுலயே இருந்துக்கறேன். நீங்க அவளையே பாத்துட்டு உக்காந்திருங்க!”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மறுநாள் துணிமணி வைத்த பையோடுதான் யூனிட்டுக்குப் போனாள்.

காரிலிருந்து இறங்கிய ரோஸ்லினுக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. பஞ்சாக வெளுத்த தலை, கையில் ஊன்றுகோல். அப்போதும் கீர்த்தனாவுக்கு மனசு ஆறவில்லை. புருஷன் மயங்கிக் கிடந்தது இந்தக் கிழவியிடமா? படத்தில் இருக்கும் குமரியிடம் அல்லவா!

ரோஸ்லின் பனியனை விரித்துப் பார்த்தார். புருவம் சுருங்கியது. ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார், சசிகுமாருக்கு வேர்த்துக் கொட்டியது.

நல்லா வேணும் என்று கீர்த்தனாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

அப்போதுதான் ரோஸ்லின் நிமிர்ந்தார். கீர்த்தனாவைப் பார்த்தார், பனியனைப் பார்த்தார், மறுபடி கீர்த்தனாவைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, சசிகுமாரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“என்னைப் பாத்து என்ன சிரிப்பாமா அவளுக்கு?” யூனிட்டில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஜெயபாரதியிடம் சிடுசிடுத்தாள் கீர்த்தனா.

ஜெயபாரதி வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்.

“பனியன்ல இருக்கறது அவங்க இல்லீங்களாமாக்கா... நீங்கதானாம்.”