தோணிக்காரி டாட் காம்

“ஆக்னஸ் அக்கா, உங்க பேரை எவனோ வாங்கிட்டான்!”

ஜெஸ்லின் கம்ப்யூட்டர்ல இருந்து தலையைத் தூக்காமலேயே சொன்னா. நான் நாற்காலியோட முன்னால நகந்தேன்.

“என்னளா சொல்லுத? நல்லாப் பாரு.”

“நாலு தடவை பாத்துட்டேன். தோணிக்காரி டாட் காம். போயிருச்சு.”

ஜெஸ்லின் வக்கீல் ஆபீஸ்ல டிரேட்மார்க் வேலை பாக்குற பிள்ளை. நான் மாசிக் கருவாட்டுச் சம்பலும் இறால் ஊறுகாயும் போட்டு விக்கிறவ. இன்னைக்கு வெள்ளி. ஞாயித்துக்கிழமை கடை திறப்பு, சர்ச் சாமியார் ஜெபம் பண்ணி மந்திரிக்க வாராரு. புதன்கிழமையே கடை வாசல்ல பத்தடி உயரத்துக்கு ஃபிளெக்ஸ் வச்சாச்சு. அதுல கொட்டை கொட்டையான எழுத்துல ‘தோணிக்காரி டாட் காம்’னு போட்டிருக்கு.

“வாங்காமலேயா ஃபிளெக்ஸ்ல போட்டிய?”

“நம்ம ஊர்ல முதல்ல ஃபிளெக்ஸ்தானளா நிக்கும். மத்ததெல்லாம் பிறகுதான்.”

அவ சிரிச்சா. எனக்குச் சிரிப்பா வருது? காயல்பட்டினத்துக்காரர் ஒருத்தர் துபாய்ல நாலு கடை வச்சிருக்காரு. என் சரக்கை எடுக்கேன்னு சொன்னவரு, “திங்கக்கிழமைக்குள்ள வெப்சைட்டும் வேணும், டிரேட்மார்க்குக்கு மனு போட்ட நம்பரும் வேணும். இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்கிடுதேன்”னு கறாரா சொல்லிட்டாரு. அந்த ஆர்டரை நம்பித்தான் கடையையே பிடிச்சேன்.

“வாங்குன களவாணி யாருன்னு பாரு.”

“பேரை மறைச்சிருக்கு, அக்கா. தேதி மட்டும் தெரியுது. போன மாசம் இருபத்தொண்ணு.”

“சரி, டிரேட்மார்க்கையாவது சட்டுன்னு போடு. அதையும் எவனாவது தூக்கிரப் போறான்.”

“லோகோ வரைஞ்சது யாரு? வேற ஆளுன்னா, உரிமையை உங்களுக்கே கொடுத்துட்டேன்னு அவங்க ஒரு லெட்டர் எழுதித் தரணும். அது இல்லாம வக்கீல் சார் போட மாட்டாரு.”

“நான்தான் வரைஞ்சேன்.”

வாயில வந்துருச்சு, சொல்லிட்டேன். பாய்மரத்துல பாய்க்குப் பதிலா சேலை முந்தானை விரிஞ்சு பறக்குற தோணி, அதுதான் படம். வரைஞ்சது வேற ஆளுதான். ஆனா பேரு என்னுது, ஊறுகாய் என்னுது. படம் மட்டும் யாருதாம்?

வெளியே வந்து செருப்பை மாட்டும்போதுதான் பொறி தட்டுச்சு. இருபத்தொண்ணு!

அன்னைக்குத்தான் முத்துச்செல்வம் கடைக்குப் போனேன். என் கடைக்கு நேர் எதிர்ல ஃபிளெக்ஸ் கடை வச்சிருக்கான். “ஃபிளெக்ஸுக்கும் டிரேட்மார்க்குக்கும் ஒரு படம் வேணும், சும்மா ஒரு சாம்பிள் போட்டுக் காட்டுலே”ன்னேன். ரெண்டு மணி நேரம் உக்காந்து வரைஞ்சான். ரேட்டைக் கேட்டா ஜாஸ்தி. “வீட்டுல கேட்டுட்டு வாரேன்”னு படத்தை வாட்ஸ்அப்ல வாங்கிக்கிட்டு, முத்தையாபுரத்துல வேற கடையில பாதி விலைக்கு ஃபிளெக்ஸ் அடிச்சுட்டேன். வியாபாரம்னா நாலு இடம் பாக்கத்தான் செய்யணும்.

அன்னைக்கு அந்தப் பேரு அவனைத் தவிர வேற யாருக்கும் தெரியாது. அவனேதான்!

ஆட்டோவுல எனக்கு இருப்பே கொள்ளல. முன்னால துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரி வரிசையா நிக்கி.

“ஹாரனை அடிங்க அண்ணாச்சி!”

“அடிச்சா மட்டும் பறந்துருமா, தாயி?”

கடைசித் தெருவுல இறங்கி ஓடினேன். முத்துச்செல்வம் கடையில மூணு பேரு நின்னாங்க. நின்னா எனக்கென்ன?

“ஏலே முத்துச்செல்வம்! அடுத்தவ பேரைத் திருடி அவகிட்டயே விக்கப் பாக்கியே, வெக்கமா இல்ல? எவ்வளவுலே வேணும்? வாயைத் திறந்து சொல்லு!”

மெஷினை நிறுத்திட்டு எந்திரிச்சான். அவன் நின்ன இடத்துல இருந்து பாத்தா, என் ஃபிளெக்ஸ்ல முந்தானை பறக்குறது முழுசாத் தெரியுது. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல.

மேசை டிராயர்ல இருந்து ஒரு கவரை எடுத்து நீட்டுனான்.

“இதைப் பாத்துட்டுத் திட்டுங்க, அக்கா.”

பிரிச்சேன். தோணிக்காரி டாட் காம் பதிஞ்ச ரசீது. உரிமையாளர்னு இருந்த இடத்துல என் பேரு, என் போன் நம்பர். கீழே பேனாவால பாஸ்வேர்டு எழுதியிருந்துச்சு.

“அன்னைக்கு நீங்க படியிறங்குனதும் பாத்தேன், அக்கா. பேரு சும்மா கிடந்துச்சு. நல்ல பேரு, எவனாவது அமுக்கிருவான்னு உங்க பேர்லயே போட்டு வச்சேன். ஃபிளெக்ஸ் அடிக்க வருவியல்லா, அப்ப கொடுக்கலாம்னு இருந்தேன்.”

டிராயரை மூடிக்கிட்டே சொன்னான். “நீங்க வரல.”

அந்த மூணு பேரும் என்னையே பாக்காங்க. எனக்கு மூஞ்சியை எங்க வைக்கதுன்னு தெரியல. ஆனாலும் வீம்பு விடுதா?

“இந்தா எதிர்லதான இருக்கு என் கடை. கொண்டு வந்து தந்தா என்னலே?”

“தேடி வந்து தந்தா, ஃபிளெக்ஸ் ஆர்டருக்காக வந்துட்டான்னு நினைப்பிய.”

மெஷின் பக்கம் திரும்புனவன், ஞாபகம் வந்த மாதிரி சொன்னான். “கவர்ல இன்னொரு பேப்பரும் இருக்கு. டிரேட்மார்க் போடணும்னு சொன்னியல்லா, அதுக்குக் கேப்பாங்க.”

எடுத்துப் பார்த்தேன்.

‘தோணிக்காரி படத்தை வரைந்தது நான். அதன் உரிமை முழுவதையும் ஆக்னஸ் அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன். இனி எனக்கு அதில் எந்தப் பாத்தியதையும் இல்லை. இப்படிக்கு, முத்துச்செல்வம்.’

கையெழுத்துக்குக் கீழே தேதி போட்டிருந்தான். நேத்துத் தேதி.

அவன் கடைக்கு நேர் எதிர்ல, அவன் வரைஞ்ச படத்தோட என் ஃபிளெக்ஸ் நின்னதுக்கு மறுநாள்.