நில்லு என்று சொல்ல ஒரு ஆள்

ரேடியம் வீட்டுக் கதிர்ப் பிள்ளைகள் மூன்று பேரும் ஊர் சுற்ற வெளியே பாய்ந்தார்கள். குண்டண்ணன் ஆல்ஃபா, எதிரே நின்ற காகிதத்தில் முட்டியதுமே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான்.

"அய்யே, ஒரு தாளைத் தாண்ட முடியலையா?" என்று சிரித்த பீட்டா, அடுத்து நின்ற அலுமினியத் தகட்டில் டொம்மென்று மாட்டிக்கொண்டான்.

கடைக்குட்டி காமா இரண்டையும் துளைத்துக்கொண்டு பறந்தாள். "என்னை யாரும் பிடிக்க முடியாதே!"

கொஞ்ச தூரம் போனதும் அவளுக்கு அழுகை வந்தது. அண்ணன்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. அவளிடம்தான் யாருமே "நில்லு" என்று சொல்லவில்லை.

எதிரே தடித்த ஈயச் சுவர் நின்றது. "அடியே, எங்க ஓடுற? வந்து உக்காரு."

"எனக்கு நழுவத் தெரியுமே!"

"நழுவித்தான் பாரேன். உங்க அண்ணனைவிட நான் குண்டு."

காமா பாதிச் சுவர்வரை ஓடிப் பார்த்தாள். அப்புறம் அங்கேயே சுருண்டு தூங்கிவிட்டாள்.