ஐந்தரை மணிச் சோதனை

"சோத்து டப்பாவையும் திற."

உச்சிமாகாளி தூக்குவாளியைத் திறந்து காட்டினான். அடியில் ஒரு கைப்பிடி புளிச்சோறு கிடந்தது.

"இதுக்குள்ள பெல்ட்டா சார் இருக்கும்?"

"கிளறிக் காட்டு."

கிளறிக் காட்டினான்.

"சார்வாளுக்குப் பசிக்கி போல. ஒரு வாய் குடுங்க அண்ணாச்சி" என்றான் பின்னால் நின்ற தங்கபாண்டி.

வரிசை முழுக்கச் சிரித்தது. சேஃப்டி ஆபீசர் ஹரிஷங்கர் மட்டும் சிரிக்கவில்லை. ரிஜிஸ்டரில் உச்சிமாகாளியின் பெயருக்கு நேரே 'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அடுத்தது" என்றார்.

மலையாள நாட்டுப் பழவங்காடியில் ஒரு நாலு மாடி லாட்ஜுக்கு வெளிப்பூச்சு நடந்துகொண்டிருந்தது. சாரத்தில் ஏறிப் பூசுகிற பதினோரு பேரும் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். அவர்களைக் கூட்டி வந்த கொத்தனார் உச்சிமாகாளி.

ஒரு மாதமாகக் களவு. அதனால்தான் தினமும் வேலை விடும் ஐந்தரை மணிக்கு இந்தச் சோதனை. முதலில் கையுறைகள் போயின. அடுத்து, கண்ணில் சிமெண்ட் தெறிக்காமலிருக்கப் போடும் கண்ணாடிகள். இன்று காலை பார்த்தால், சாரத்திலிருந்து விழாமல் பிடித்துக்கொள்ளும் இடுப்பு பெல்ட்டுகள் ஆறைக் காணவில்லை. மத்தியானத்துக்குள் புது பெல்ட்டுகள் வந்து வேலை நடந்தது. ஆனாலும் சோற்றைக் கிளறச் சொன்னது உச்சிமாகாளிக்கு ஆறவில்லை.

போன மாதம்தான் அவன் போய், "பெல்ட்டுல தையல் விட்டிருக்கு சார்" என்றான்.

"எழுதி அனுப்பியிருக்கேன்" என்றார் ஹரிஷங்கர்.

ஓட்டைக் கையுறைக்குள் சிமெண்ட் தண்ணீர் இறங்கி, கூடப் பூசுகிற பொன்செல்வியின் விரல் இடுக்கெல்லாம் வெந்துபோனது. அப்போதும், "எழுதி அனுப்பியிருக்கேன்."

ஹெட் ஆபீசிலிருந்து வந்தது பதினைந்தடி நீளத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ் போர்டு. 'பாதுகாப்பே முதல் கடமை'. அதில் ஒருவன் புத்தம் புதுக் கையுறை மாட்டிக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான்.

"எழுதுறதுக்கும் சோத்தக் கிளறுறதுக்கும் ஒரு ஆபீசரு" என்று முணுமுணுத்தான் உச்சிமாகாளி.

சோதனை முடிகிற நேரத்தில் மேனேஜர் கிரிஷின் கார் வந்து நின்றது.

"எந்தா ஹரி சாரே, கள்ளன் கிட்டியோ?"

"இல்லை சார். பதினோரு பேரையும் பார்த்தாச்சு."

கிரிஷ் உச்சிமாகாளியின் பக்கம் திரும்பினான்.

"நான் மேல போய்ச் சுவரைப் பார்த்துட்டு வரும். அதுக்குள்ள கள்ளன் ஆருன்னு சொல்லணும். இல்லேன்னா பதினோரு பேரும் இன்னிக்கே வண்டி ஏறிக்கோ. கேட்டோ?"

அவனும் ஹரிஷங்கரும் மேலே போனார்கள். பொன்செல்வி மூக்கைச் சிந்தினாள். "பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தொறக்கப் போவுது அண்ணாச்சி. இப்பப் போயி நின்னா என்ன செய்ய?"



வெளியே மணல் லாரி ஹாரன் அடித்தது. ஹரிஷங்கரின் ஸ்கூட்டர் வழியில் நின்றது. உச்சிமாகாளி அதைத் தள்ளினான். கால் வைக்கும் இடத்திலிருந்த சாக்கு சரிந்து, உள்ளே இருந்தது கொட்டியது.

ஆறு பெல்ட்டுகள். எல்லாம் தையல் விட்டவை. கீறல் விழுந்த கண்ணாடிகள். விரல் நுனி தேய்ந்த கையுறைகள்.

"அண்ணாச்சி, இது எங் கையில கெடந்ததுல்லா?" என்றாள் பொன்செல்வி.

"அட களவாணிப் பய..." என்று தங்கபாண்டி தொடங்கும்போதே, படியில் ஹரிஷங்கர் இறங்கி வந்தார். சாக்கைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"நீங்களா சார்?" என்றான் உச்சிமாகாளி.

"மெதுவாப் பேசு. நான்தான்."

"எடுத்தது நீங்க, எங்க சோத்தக் கிளறச் சொன்னதும் நீங்க!"

"கிளறலேன்னா பழி உங்க மேல வராதா? நீங்க யாரும் எடுக்கலேன்னு தினமும் கையெழுத்துப் போட்டு வச்சிருக்கேன்."

"எதுக்கு சார் இந்த வேல?"

ஹரிஷங்கர் ஒரு பெல்ட்டைக் கையில் எடுத்தார். லேசாக இழுத்ததும் பட்டை தனியாக வந்தது.

"கிழிஞ்ச பெல்ட் தொங்கறவரைக்கும் ஹெட் ஆபீசுக்கு அது பெல்ட்தான். நாலு தடவை எழுதினேன், பதில் இல்லை. பெல்ட்டே இல்லேன்னா வேலை நின்னுடும். அதான் மத்தியானத்துக்குள்ள வந்துடறது."

பொன்செல்வி எல்லாவற்றையும் சாக்குக்குள் அள்ளிப் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

கிரிஷ் கைக்குட்டையால் தூசியைத் தட்டிக்கொண்டே இறங்கி வந்தான்.

"பறயூ. கள்ளன் ஆரு?"

உச்சிமாகாளி தன் ஆட்களைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொன்னால் பதினோரு பேரும் பிழைத்தார்கள்.

"தெரியல சார்."

"அப்போ எல்லாரும் கிளம்பு."

ஹரிஷங்கர் ரிஜிஸ்டரை நீட்டினார். "இவா எடுக்கலேன்னு கையெழுத்துப் போட்டது நான் சார். அனுப்பறதுன்னா முதல்ல என்னை அனுப்புங்கோ. நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷனுக்கு கவர்மெண்ட் ஆபீசர் வரச்சே பதில் சொல்ல வேற ஆளைப் பார்த்துக்கோங்கோ."

நாளைய இன்ஸ்பெக்‌ஷன் என்றதும் கிரிஷின் முகம் இளகியது. ரிஜிஸ்டரை வாங்கிப் புரட்டினான். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து இருந்தது.

"சரி சரி. வெளியாளா இருக்கும். வேற ஏதாவது போயிட்டுண்டோ?"

ஹரிஷங்கர் வாயைத் திறப்பதற்குள் உச்சிமாகாளி முந்திக்கொண்டான்.

"ஆமா சார். ஹெல்மெட்டு அஞ்சக் காணோம்."

விரிசல் விட்ட அந்த ஐந்தும் பின்பக்கத்து ஷெட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. தங்கபாண்டி ஒரு காலிச் சாக்கை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாக நடந்தான்.